ஆரத்தி ரத்தம்

நான் ரத்தம் காய்ச்சுவதை வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டார்.

ஜீவனஹள்ளியில் நானும் அனுஷாவும் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறோம். அறையை ஒட்டி ஒரு சமையல் மூலை. கீழே வீட்டுக்காரர் சாந்தகுமாரி ஆன்ட்டியின் குடும்பம். அவர் கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வந்தவர், கதவு திறந்திருக்கவே எட்டிப் பார்த்தார். அடுப்பில் பெரிய அலுமினியக் குண்டான். அதற்குள் அடர்சிவப்பாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. நான் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தேன்.

“ஏனம்மா இது? பீட்ரூட்டா?”

எனக்குச் சட்டென்று பொய் வராது. “ரத்தம் ஆன்ட்டி.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

பல் தேய்த்துக்கொண்டிருந்த அனுஷா வாயில் நுரையோடு ஓடி வந்தாள். “ஐயோ ஆன்ட்டி, ஆரத்தித் தண்ணி ஆன்ட்டி! மஞ்சளும் சுண்ணாம்பும். சினிமாவுக்கு. இவ இப்படித்தான், வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுவா, அதையும் இப்படிப் பேசுவா.”

“இவ்ளோ ஆரத்தியா? எத்தினி ஜோடிக்கு?”

“ஒரே ஆளுக்குத்தான். எனக்கு. இன்னிக்கு என்னைத் தோல் உரிக்கிறாங்க.”

ஆன்ட்டி என்னையே பார்த்தார். “நோடம்மா, நீ எம்எஸ்ஸி படிச்ச பொண்ணு. வாய்ல விரல வெச்சாகூட கடிக்க மாட்டே. உனக்கு எதுக்கு இந்தக் கருமம்?”

என்னிடம் பதில் இருந்தது. கொஞ்சம் நீளமான பதில். நீளமானது எதையும் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடிந்ததில்லை. ஆகவே கரண்டியைத் துழாவினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்தப் பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

வேலூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒரு தோழியின் லேப்டாப்பில் இந்த மாதிரிப் படத்தை முதலில் பார்த்தேன். எந்த நாட்டுப் படம் என்றுகூட நினைவில்லை. ஒரு கிழவன் தன் வீட்டுக்கு வருகிறவர்களை ரம்பத்தால் அறுக்கிறான். கதை அவ்வளவுதான். மற்ற பெண்கள் போர்வைக்குள் போய்விட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அறுபட்ட கை ஒன்று தரையில் விழுந்தது. அதன் முழங்கை ஓரமாக ஒரு தையல் தெரிந்தது. யாரோ ஓர் ஆள் உட்கார்ந்து ரப்பரை ஊசியால் தைத்திருக்கிறார். பெரிய படங்களில் எல்லாம் தானாக நடந்ததுபோல் இருக்கும். இங்கே செய்தவர் தெரிந்தார். அவசரமாக, காசில்லாமல், ஆசையாகச் செய்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

இன்னொன்று, கத்தல். நான் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. பீன்யாவில் ஒரு ரசாயனக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. மேலாளர் இரண்டு முறை “என்னம்மா?” என்று கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். இந்தப் படங்களில் பெண்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அவர்களிடம் யாரும் மெல்லப் பேசு என்று சொல்வதில்லை.

குறைகள் தெரியாமல் இல்லை. ஒரு கொலைக்கும் அடுத்த கொலைக்கும் நடுவில் என்ன செய்வதென்று எடுத்தவருக்கே தெரியாது. கல்லீரல் போன பிறகும் ஆட்கள் வசனம் பேசுவார்கள். ரத்தம் பல படங்களில் ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கும். வெட்டுகிறவன் எப்போதும் ஆண், வெட்டுப்படுகிறவள் பெண். அவள் சாவதற்கு முன் குளிப்பாள், அதற்குக் கதையில் காரணம் இருக்காது. பாதிப் படத்தில் நான் தூங்கியிருக்கிறேன். இதையெல்லாம் சொன்னால், அப்புறம் ஏன் பார்க்கிறாய் என்பார்கள். சாம்பாரில் உப்பு அதிகம் என்கிறவர்கள் சாம்பாரையே விட்டுவிடுவதில்லை.

எங்கள் படத்தின் பெயர் ‘ஏழாம் தொட்டி’. எழுதி இயக்குவது பரத். பொம்மனஹள்ளியில் வீடு, ஒரு ஐடி கம்பெனியில் வேலை. கேமரா ரகுராம், கல்யாண வீடியோ எடுப்பவர். முக்கிய வேடம் அனுஷா. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்கார்கிறாள். ரத்தம், தோல், குடல் எல்லாம் நான். பரத்தின் தாய்மாமா கோதண்டராமனுக்குப் பீன்யாவில் ஒரு முலாம் பூசும் பட்டறை இருந்தது. அதை மூடிவிட்டார். அங்கேதான் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுத்தோம். கதையில் அந்தப் பட்டறை முதலாளி வேலைக்கு வரும் பெண்களைக் கொன்று தொட்டியில் முக்குகிறான். கடைசியாக மாட்டிக்கொள்கிறவள் அனுஷா. உரிக்கப்பட்ட உடம்போடு தரையில் தவழ்ந்து போய், ஏழாம் தொட்டிக்குள் அவனை இழுத்துப் போடுவாள்.

இதுவரை ரத்தத்தை பேக்கரிக்காரர்கள் வாங்கும் குளுக்கோஸ் பாகில் சிவப்புப் பொடி கலந்துதான் செய்தேன். நல்ல ரத்தம். ஆனால் எறும்பு வந்தது. சிவப்பு அனுஷாவின் கழுத்தில் ஒரு வாரம் ஒட்டிக்கொண்டது. மருத்துவமனைக்கு வந்த ஒரு பாட்டி, “யாரம்மா உன்னை அடிச்சது?” என்று அழுதே விட்டாராம். டாக்டர் கூப்பிட்டு விசாரித்தார். வேலை போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். அதனால் கடைசிக் காட்சிக்கு நான் ஆரத்திக்கு மாறினேன். மஞ்சளைக் கொதிக்கவைத்துச் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும். கெட்டிப்படுவதற்கு ஜவ்வரிசிக் கஞ்சி, கருமைக்கு ஒரு டம்ளர் டிகாக்‌ஷன். முதலில் என் கையில் பூசி எரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். எரியவில்லை. கழுவிய பிறகு உடம்பில் மஞ்சள் ஒட்டியிருந்தாலும் கவலையில்லை. பெண்ணின் கழுத்தில் மஞ்சள் இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பட்டறைக்குள் நாங்கள் நுழைந்தபோது கோதண்டராமன் அங்கிள் வாசலில் நின்றிருந்தார். மறுநாள் பட்டறையை வேறொருவருக்கு வாடகைக்கு விடுகிறார். இனி எங்களுக்கு அந்த இடம் கிடையாது. அதில் அவருக்கே வருத்தம்.

“கடைசி நாள். நல்லா எடுங்கப்பா. நான் ஓரமா உக்காந்து பாக்கறேன். சத்தம் போட மாட்டேன்.”

அனுஷாவுக்குத் தோல் ஒட்டவே காலை முழுதும் ஆனது. ரப்பர் பாலில் தோய்த்த டிஷ்யூ காகிதம், அடுக்கடுக்காக. அதற்குக் கீழே சொட்டுநீர்க் குழாய்கள். ஓர் ஓரத்தில் நான் பிளாஸ்டிக் பம்ப்பை அழுத்தினால் அவள் முதுகிலும் விலாவிலும் ரத்தம் ஊறும்.

“எப்படிடி இருக்கேன்?”

“நல்லா இருக்கே. அசிங்கமா இருக்கே.”

“அப்படிச் சொல்லு.”

பரத் கையை உயர்த்தினார். “ஒரே டேக். ரத்தம் அவ்ளோதான் இருக்கு, தோலும் ஒரு செட்தான். யாரும் எதுக்கும் நிறுத்தாதீங்க. ஆக்‌ஷன்.”

அனுஷா கத்தினாள். நான் அழுத்தினேன். விலாவிலிருந்து ரத்தம் வழிந்தது. நான் செய்ததிலேயே அழகான ரத்தம் அது, கறுப்புக்குப் பக்கத்தில் போகிற சிவப்பு. அவள் குப்புற விழுந்து முழங்கையால் உந்தித் தவழ ஆரம்பித்தாள். ரத்தம் தரையில் சொட்டியது. சொட்டிய இடத்தில் ஓரங்கள் வெளுத்தன. பிறகு நடுவும். அவள் கடந்து வந்த தடம் முழுவதும் பளிச்சென்று மஞ்சளானது.

ரகுராம் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் முணுமுணுத்தார். “மச்சி, சாம்பார்.”

பரத் நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னாலும் பயனில்லை, ரத்தம் கிளம்பிவிட்டது. அனுஷாவுக்கு எதுவும் தெரியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கத்தியபடி, உடம்பில் சிவப்போடும் பின்னால் மஞ்சளோடும் தொட்டிவரை தவழ்ந்து முடித்தாள்.

“கட்,” என்றார் பரத். பிறகு என்னிடம் திரும்பினார். “எம்எஸ்ஸி கெமிஸ்ட்ரி. இது மஞ்சளாயிடும்னு தெரியாதா உனக்கு?”

நான் குனிந்து தரையைத் தொட்டு முகர்ந்தேன். “ஆசிட் பட்டா ஆகும். தரையில ஆசிட் இருக்கும்னு எனக்குத் தெரியாது.”

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அங்கிள் எழுந்தார். “நான்தாம்பா. நீங்கல்லாம் வர்றீங்க, கேமரால அழுக்காத் தெரியக்கூடாதேன்னு நேத்து ஆள் விட்டு ஆசிட் ஊத்திக் கழுவச் சொன்னேன். ரெண்டு வாட்டி. பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு.”

பட்டறை நடந்த காலம் முழுக்க யாரும் கழுவியிராத தரை அது. எங்களுக்காகக் கழுவியிருக்கிறார். அவரிடம் யார் கோபப்பட முடியும்? பரத் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு ஒரு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். அனுஷா திரும்பித் தன் தடத்தைப் பார்த்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். தோல் கிழியக் கிழியச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முழங்கை எரிகிறது என்றாள். வெளியே குழாயடியில் வைத்துக் கழுவிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பரத் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். காக்ஸ் டவுனில் ஆராவமுதன் என்று ஒருவர் மாதம் ஒருமுறை திகில் படங்கள் போடுகிறார். பேக்கரி ஒன்றின் மாடியில் சின்ன ஹால். எங்கள் படத்தை மறுநாள் மாலை போட ஒத்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சிக்கு இன்னும் சத்தம் சேர்க்கவில்லை. எலும்பு முறிகிற சத்தத்துக்கு முருங்கைக்காயை ஒடிப்போம். சதை கிழிவதற்கு ஈரத் துண்டு. மடிவாளாவில் காய் வாங்கிக்கொண்டு போனேன்.

பரத்தின் அறையில் மேசைமேல் இரண்டு திரைகள். “பாரு,” என்று ஓடவிட்டார்.

சங்கிலி. கொக்கி. மேலே தொங்குகிற அனுஷா. இது நாங்கள் போன ஞாயிறு எடுத்ததல்ல.

சில மாதங்களுக்கு முன் கொக்கியைச் சோதிக்க எடுத்த காட்சி அது. அவள் தொங்கியபோது சட்டை தோள்பட்டையில் தொடங்கி இடுப்புவரை கிழிந்துவிட்டது. கைகள் கட்டியிருந்ததால் மூடிக்கொள்ள முடியவில்லை. “கட் பண்ணுடா, கட் பண்ணு” என்று அலறினாள். ரகுராம் லென்ஸை மூடுவதற்குள் சில நொடிகள் போய்விட்டன. அன்று பரத்தான் முதலில் ஓடியவர். முகத்தைத் திருப்பிக்கொண்டே தன் சட்டையைக் கழற்றி அவள்மேல் போட்டார். அழித்துவிடுகிறேன், சத்தியம் என்றார்.

இப்போது அது திரையில் ஓடியது. “கட் பண்ணு” என்பதை மட்டும் நீக்கியிருந்தார். அலறல் இருந்தது.

“இது கொக்கி ஷாட்,” என்றேன்.

“ஆமா.”

“அழிச்சிட்டேன்னு சொன்னீங்க.”

“பேக்கப்ல இருந்துச்சு.” அவர் என்னைப் பார்க்கவில்லை. “டார்க் பண்ணிட்டேன் தர்ஷினி. முகம் பாதிதான் தெரியும். மத்தது ரெண்டு செகண்ட். யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

“அனுஷாகிட்ட கேட்டீங்களா?”

“கேட்டா வேணாம்பா. படமா பாத்தா அவளுக்கே பிடிக்கும். அந்தக் கத்தலக் கேளு. அதுக்கப்புறம் அவ அப்படி ஒரு தடவகூட கத்தல. எவ்ளோ ரியலா இருக்கு.”

“ரியல்தான். அதான் வேணாம்.”

என்ன சொன்னாய் என்று கேட்டார். மறுபடி சொன்னேன்.

நாற்காலியைத் திருப்பி என் பக்கம் பார்த்து உட்கார்ந்தார். “நீயே இந்த மாதிரிப் படம்தானே பாக்கறே. எங்க எல்லாரையும்விட அதிகமாப் பாத்திருக்கே. எல்லாத்துலயும் இதெல்லாம் இருக்கு. அப்போ அதெல்லாம் ஓகே, நான் பண்ணா தப்பா?”

நியாயமான கேள்விதான். அந்தப் படங்களில் எத்தனை அலறல் இப்படி எடுத்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் பார்த்தேன். இது எனக்குத் தெரியும்.

“நம்ம படத்துல நிஜமா எதுவும் நடக்கக்கூடாது,” என்றேன். “குடல் பொய். தோல் பொய். ரத்தம் ஆரத்தி. எவ்ளோ அசிங்கமா வேணா எடுக்கலாம், ஏன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதுக்குத்தான் நான் வந்தேன். இது ஒண்ணுதான் நிஜம். இத வச்சா மத்ததும் சேர்ந்து கெட்டுடும்.”

இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. அவரிடம் மட்டுமல்ல, யாரிடமும்.

“சரி, எடுத்துட்டா? மஞ்சத் தண்ணியப் போடணும். ஹால் முழுக்கச் சிரிப்பான். ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை இல்லாம இருந்தோம். எங்க அக்கா வளைகாப்புக்குக்கூட நான் போகல. எல்லாம் கடைசியில ஒரு காமெடியா?”

“சிரிக்கட்டும்.”

“உன் பேர்தான் போகும். ‘ரத்தம்: தர்ஷினி’ன்னு பெருசாப் போட்டிருக்கேன்.”

“பெருசாவே இருக்கட்டும்.”

“முடியாது. நான்தான் டைரக்டர்.”

அவர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வழக்கமாக எனக்கும் அங்கேதான் முடியும். பையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் மனதுக்குள் சொல்வேன். அன்று போனை எடுத்து அனுஷாவை அழைத்தேன். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

“சொல்லுடி. பேஷன்ட் நிக்கறாங்க, சீக்கிரம்.” பின்னால் பல் குடைகிற மிஷின் சத்தம்.

“கொக்கியில சட்டை கிழிஞ்ச ஷாட்ட பரத் அழிக்கல. க்ளைமாக்ஸ்ல வச்சிருக்காரு. நாளைக்குக் காட்டப் போறாரு. நான் அவர் வீட்லதான் இருக்கேன். அவருக்கும் கேக்குது.”

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

“பரத்,” என்றாள் அனுஷா.

“அனு, நான் சொல்றத—”

“அனுன்னு கூப்பிடாத. அன்னிக்கு உன் சட்டையக் கழட்டிக் குடுத்தியே. நான் எங்கம்மாகிட்டகூடச் சொன்னேன்டா. இந்தப் பையன் படம்தான் அசிங்கம், ஆள் நல்லவன்னு சொன்னேன்.”

பரத் மௌஸைக் கையிலிருந்து விட்டார்.

“எத்தன பேர் பாத்தாங்க?”

“நான் மட்டும்தான். இப்ப தர்ஷினி.”

“அழி. தர்ஷி முன்னாடி அழி. பேக்கப், அந்த பேக்கப்போட பேக்கப், எல்லாம். அப்புறம் அந்த மஞ்ச ஷாட்டப் போடு. முழங்கை ரெண்டும் எரிய எரியத் தவழ்ந்திருக்கேன், டிஷ்யூ பேப்பரக் கட்டிக்கிட்டு. அத நாலு பேர் பாக்கலன்னா உன்ன உங்க மாமா தொட்டியிலயே முக்கிடுவேன்.” சட்டென்று அவள் குரல் மாறியது. “ஆங், மேடம், ரூட் கெனாலா? உக்காருங்க மேடம், ஒண்ணும் வலிக்காது.”

போனை வைத்துவிட்டாள்.

பரத் நாற்காலியை மேசைக்கு இழுத்தார். பிறகு ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்காகத் திறந்து அந்தக் கோப்பைத் தேடி அழித்தார். கணினியின் குப்பைக் கூடையையும் காலி செய்யச் சொன்னேன். செய்தார். ரகுராமுக்குப் போன் செய்து அவரிடம் பிரதி இல்லை என்று உறுதி செய்துகொண்டார். மஞ்சள் காட்சியை எடுத்து இடத்தில் வைத்தார்.

“படம் காலி,” என்றார். “நாளைக்கு நான் பின்னாடி வரிசையிலதான் உக்காருவேன்.”

“முருங்கைக்காய் எடுக்கட்டுமா?” என்றேன்.

மைக்கை என் பக்கம் தள்ளினார். மாலைவரை எலும்பு ஒடித்தோம்.

ஹால் நான் நினைத்ததைவிட நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு மின்விசிறிகள், கீழிருந்து பன் வேகிற வாசனை. ஆராவமுதன் குடுமி வைத்த நடுவயதுக்காரர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்துக்குப் போய் ஆங்கிலத்தில் வரவேற்புரையை முடித்தார். அனுஷா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரத் சொன்னபடி கடைசி வரிசையில்.

படம் சுமார்தான். அதை அங்கே உட்கார்ந்து பார்த்தபோது நன்றாகத் தெரிந்தது. நடுப்பகுதியில் பலர் போனைப் பார்த்தார்கள். கொலைகாரனிடமிருந்து தப்பி வெளியே ஓடிய பெண், மறந்துவிட்ட டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பப் பட்டறைக்குள் போகிறாள். “அடியே, பத்தாயிரம் ரூவா பாக்ஸா அது?” என்று ஒருவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அந்த இடத்தில் பரத்துக்கு வேறு யோசனை வரவில்லை. எங்களுக்கும் வரவில்லை.

ஆனால் நகம் பிடுங்குகிற காட்சியில் முன்வரிசையில் ஒரு பெரிய ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது நகம் அல்ல, வெறும் வெங்காயத் தோல். ஒரு மாலை முழுக்க ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினேன். அவர் முகத்தைத் திருப்பியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் திரைக்கு மீண்டேன்.

கடைசிக் காட்சி வந்தது. அனுஷா விழுந்தாள். ரத்தம் வழிந்தது. தரையில் பட்டு மஞ்சளானது.

யாரோ “சாம்பார்!” என்றார். இன்னொருவர் “இட்லி எல்லிதே?” என்று கன்னடத்தில் இட்லியைத் தேடினார். ஹால் வெடித்தது. நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். ஆராவமுதன்கூட வாயைப் பொத்திக்கொண்டார். என் காது சூடாகிக்கொண்டே போனது. அனுஷா என் கையைப் பிடித்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

காட்சி முடியவில்லை. வெட்டிச் சேர்க்க பரத்திடம் வேறு ஷாட் எதுவும் இல்லாததால் அது முழுசாக ஓடியது. திரையில் இருந்தவள் நிற்கவில்லை. கத்திக்கொண்டே வந்தாள். முன்னால் சிவப்பு, பின்னால் மஞ்சள். சிரிப்பு ஒருமுறை ஏறி இறங்கியது. திரும்ப ஏறியது, ஆனால் முன்பு போல இல்லை. அவள் இன்னும் வந்துகொண்டிருந்தாள். சிலர் சிரித்துச் சிரித்து ஓய்ந்து வெறுமனே பார்த்தார்கள். சிலர் கடைசிவரை சிரித்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு பெண், “ச்சே, போதும்பா, நிறுத்துங்கப்பா” என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை, சிரிக்கிறவர்களையா, படத்தையா.

விளக்கு போட்டார்கள். கைதட்டல் சுமாராக இருந்தது. ஆராவமுதன் கேள்விகள் கேட்கலாம் என்றார். கண்ணாடி போட்ட ஓர் இளைஞர் எழுந்தார்.

“அந்த ப்ளட் கலர். தெரிஞ்சே பண்ணீங்களா, இல்ல தப்பா? வேற டேக் இல்லையா?”

எல்லாரும் பின்னால் திரும்பினார்கள். பரத் எழுந்து தொண்டையைச் செருமினார். “அது வந்து, ஒரு சிம்பல். மஞ்சள்ங்கறது நம்ம கல்ச்சர்ல மங்களம். ஆனா இங்க தொழிலாளிங்களோட உழைப்பு—”

“இல்ல,” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. பரத் உழைப்பைப் பற்றித் தொடர்ந்தார்.

நான் எழுந்தேன். “இல்ல!”

இப்போது எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எத்தனை முகங்கள் என்று பார்க்கவில்லை. கண்ணாடிக்காரரை மட்டும் பார்த்தேன்.

“ரத்தம் நான்தான் செஞ்சேன். ஆரத்தித் தண்ணி. தரைய ஆசிட் போட்டுக் கழுவியிருந்தாங்க, எங்களுக்குத் தெரியாது. மாறிடுச்சு. சிம்பல் ஒண்ணும் இல்ல.”

“அப்போ வேற டேக்?”

“வேற ஒரு ஷாட் இருந்துச்சு. அழிச்சிட்டோம்.”

“ஏன், இதவிட மோசமா?”

சிரித்தார்கள். அனுஷாவைப் பார்த்தேன். அவள் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், சொல் என்பதுபோல.

“அதுல நடிப்பு இல்ல. எங்க படத்துல எல்லாமே பொய்யா இருக்கணும். தெரியற பொய். தையல் தெரிஞ்சாலும் பரவால்ல, நிறம் மாறினாலும் பரவால்ல.”

கண்ணாடிக்காரர் விடவில்லை. “மேடம், ஆனா பயமே வரலியே. ஹாரர் படத்துல ஹாலே சிரிச்சா, அது ஃபெயிலியர்தானே?”

“சிரிங்க,” என்றேன். “நீங்க சிரிச்சு முடிச்சப்புறமும் அவ தவழ்ந்துக்கிட்டுதான் இருந்தா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். உங்களுக்கு முன்னாடி நிறையப் பேர் சிரிப்ப நிறுத்திட்டாங்க.”

ஹாலில் ஒரு சின்ன சலசலப்பு. முன்வரிசைப் பெரிய ஆள் தனியாகக் கைதட்டினார். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் தட்டவில்லை. கண்ணாடிக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் பரத்தும் உட்கார்ந்துவிட்டார். நாற்காலியை இழுத்தேன்.

“உக்காந்துடாதடி,” என்றாள் அனுஷா. “அங்க இன்னொருத்தன் கை தூக்கறான்.”

நான் உட்காரவில்லை.